மெயின்புரி சாரஸும் பெரம்பூர் வௌவாலும்

சனிக்கிழமை

ஆக்ராவில் ஏறிய தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இன்று காலை சென்ட்ரலில் இறக்கிவிட்டது. டிகிரிக் கணக்கில் பார்த்தால் மெயின்புரியைவிட இங்கே வெயில் குறைவுதான், ஆனால் அது காய வைக்கிற வெயில், இது ஊறப் போடுகிற வெயில். பெரம்பூர் வீட்டுக்கு ஆட்டோவில் வந்து சேர்வதற்குள் துப்பட்டாவைப் பிழியலாம் என்று ஆகிவிட்டது. கத்திரி நடக்கும்போது லீவு போட்டுக்கொண்டு சென்னைக்கு வருகிற ஒரே ஆள் நீதான் என்று அண்ணி வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு: நான் வேலை பார்ப்பது உத்தரப் பிரதேசத்தில் மெயின்புரி மாவட்டத்து வங்கிக் கிளை ஒன்றில். கிளைக்குப் போகிற வழியெல்லாம் நெல்வயல், கோதுமை வயல், நடுநடுவே தாமரைக் குட்டை, அங்கங்கே ஜோடி ஜோடியாக சாரஸ் கொக்கு. அந்த மாநிலத்தின் பறவையே அதுதான். மெயின்புரியும் பக்கத்து இட்டாவாவும் அதற்குத் தாய்வீடு என்றே சொல்லலாம். ஐந்தே முக்கால் அடி, ஆறடி என்று என்னைவிட உயரமாக நிற்கும், உலகத்தில் பறக்கத் தெரிந்த பறவைகளில் இதைவிட உயரமானது கிடையாது. உடம்பெல்லாம் வெளிர்சாம்பல், தலையும் மேல்கழுத்தும் மட்டும் இறகில்லாமல் சிவந்த தோலாக இருக்கும். முதல் தடவை பார்த்தபோது வயலில் யாரோ சிவப்புத் தலைப்பாகையோடு நிற்கிறார் என்றுதான் நினைத்தேன்.

நான் சாரஸ் புராணத்தை ஆரம்பித்ததும் அப்பா நிறுத்தினார். "அதெல்லாம் இருக்கட்டும்மா, சாயங்காலம் மொட்டைமாடிக்கு வா, நம்ம தெருவுக்கும் பெரிய இறக்கை வந்திருக்கு."

வந்திருப்பது பழந்தின்னி வௌவால். தெருக்கோடியில் பல வருஷமாகப் பூட்டிக் கிடக்கும் பங்களாவின் தூங்குமூஞ்சி மரத்தில் ஒரு கூட்டமே குடியேறியிருக்கிறது. எந்தத் தெரு என்று கேட்டுக் கருத்துப் பெட்டியில் எழுதாதீர்கள், சொல்ல மாட்டேன். ஏற்கெனவே அந்த மரத்தை வெட்டச் சொல்லி மாநகராட்சிக்கு ஒரு மனு தயாராகி, வீடு வீடாகக் கையெழுத்துக்கு வந்துகொண்டிருக்கிறது.

ஆறரைக்கு மேல் மாடிக்குப் போனோம். வெளிச்சம் மங்க மங்க, முதலில் ஒன்று, கொஞ்சம் கழித்து இரண்டு, அப்புறம் எண்ண முடியாதபடி வரிசை. வேகமே இல்லை. நிதானமாக, ஒவ்வொரு அடியையும் நாம் கண்ணால் பிரித்துப் பார்க்கும்படி இறக்கையை அடித்துக்கொண்டு, தண்ணீர் டேங்குகளுக்கும் டிஷ் ஆன்டெனாக்களுக்கும் மேலே போகின்றன. சாரஸ் பறப்பதும் கிட்டத்தட்ட இந்த நிதானத்தில்தான் என்று அப்போது தோன்றிய எண்ணத்தை இந்த லீவு முழுக்கத் துரத்தப் போகிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஞாயிறு

காலை ஆறு மணிக்கெல்லாம் பங்களா சுவரோரம் போய் நின்றுவிட்டேன், கையில் அண்ணனுடைய பைனாகுலர். வாட்ச்மேன் அண்ணன் ஒரு மாதிரி பார்த்தார். "இன்னாம்மா, காலங்காத்தால வௌவாலயா பாத்துக்கினு கீற?" என்றார். பிறகு அவரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

வௌவால் பகலில் தூங்கும் என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை. ஒரே சண்டை. ஒரு கிளையில் நல்ல இடம் பிடித்துத் தொங்குவதை இன்னொன்று வந்து நெருக்குகிறது, அது கீச்சிட்டுக் கட்டைவிரல் நகத்தால் தள்ளுகிறது, இது விடாமல் ஊர்ந்து ஊர்ந்து வருகிறது. வௌவால் வீட்டுக்கு வௌவால் விருந்துக்குப் போனால் நீயும் தொங்கு நானும் தொங்கு என்பார்களே, இங்கே அந்த மரியாதைகூட இல்லை. அடங்கியவை மட்டும் இறக்கையைச் சுற்றிக்கொண்டு, காய்ந்த வாழைச்சருகைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருந்தன.

எட்டு மணிக்கு மேல் வெயில் ஏறியதும் சண்டை நின்று விசிறல் ஆரம்பித்தது. ஒற்றை இறக்கையைப் பாதி விரித்து மெதுவாக வீசிக்கொள்கின்றன. மார்பையும் இறக்கையையும் நக்கி எச்சிலால் நனைத்துக்கொண்டு வீசுகின்றன. வியர்க்கிற உடம்பு கிடையாது, அதனால் எச்சில்தான் அவற்றுக்கு வியர்வை. வெயில் எல்லை மீறினால் இந்த வித்தையும் பலிக்காது. 2020 மே மாதம் கோரக்பூர் பக்கம் நூற்றுக்கணக்கில் இவை செத்து விழுந்தபோது, கொரோனா பயத்தில் ஊரே நடுங்கியது. பரேலியில் உள்ள இந்திய கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தில் பரிசோதித்துப் பார்த்து, கடும் வெப்பம்தான் காரணம் என்று சொன்னார்கள்.

இன்னொரு காட்சி, அருவருப்பு என்றால் அடுத்த பத்திக்குத் தாவிவிடுங்கள். தலைகீழாகத் தொங்குகிற பிராணி எப்படி ஒன்றுக்குப் போகும்? தன் முகத்திலேயே அல்லவா வழியும்? அது சட்டென்று இரண்டு கட்டைவிரல் நகங்களாலும் கிளையைப் பற்றிக்கொண்டு, காலை விட்டு, தலை மேலாக நிமிர்ந்து, காரியத்தை முடித்து, உதறிவிட்டு, மறுபடி காலை மாட்டிக்கொண்டு தலைகீழாகிவிடுகிறது. எல்லாம் சில நொடிதான். கீழே நின்ற வெள்ளை காரின் கூரை அதற்கு சாட்சி. அந்த காரின் சொந்தக்காரர்தான் மனுவைத் தூக்கிக்கொண்டு அலைகிற எதிர்வீட்டு சார்.

சாரஸைப் பார்க்க இந்தப் பாடெல்லாம் வேண்டியதில்லை. வரப்பில் ஸ்கூட்டியை நிறுத்தினால் போதும், பட்டப்பகலில் எதிரிலேயே மேயும். விதை, கிழங்கு, வெட்டுக்கிளி, தவளை என்று கிடைத்ததெல்லாம் சாப்பிடும். இருட்டினால் முழங்கால் அளவுத் தண்ணீரில் போய் நின்றுகொண்டே தூங்கும். அதாவது மெயின்புரியில் சாரஸ் கண்ணை மூடுகிற நேரத்தில் பெரம்பூரில் வௌவால் கிளம்புகிறது.

திங்கள்

அண்ணன் மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறாள். "அத்தை, கொக்கு நம்ம ஊர்லயே இருக்கே, நீ ஏன் உ.பி. கொக்கையே சொல்லிக்கிட்டிருக்க?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அதிகாலையிலேயே பள்ளிக்கரணைக்குக் கிளம்பிவிட்டோம்.

துரைப்பாக்கம் போகிற இருநூறடி சாலை சதுப்பு நிலத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பைமேடு, மறுபக்கம் கண்ணாடிக் கட்டடங்கள், நடுவில் மிஞ்சியது இந்தத் தண்ணீர். 2022இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். மே மாதம் என்பதால் தண்ணீர் சுருங்கியிருந்தது, அதனாலேயே பறவைகள் நெருக்கமாக நின்றன. மஞ்சள்மூக்கு நாரை, நத்தைக்குத்தி நாரை, கூழைக்கடா, நீலத் தாழைக்கோழி, சாம்பல் நாரை, வெள்ளைக் கொக்கு வகைகள்.

இவற்றில் ஒன்றுகூட சாரஸின் இனம் கிடையாது. பார்வைக்குச் சொந்தம் மாதிரி தெரிந்தாலும் குடும்பமே வேறு. அவளுக்கு இரண்டு அடையாளம் சொல்லிக்கொடுத்தேன். பறக்கும்போது கழுத்தை மடக்கி வைத்துக்கொண்டால் அது வெள்ளைக் கொக்கு, சாம்பல் நாரை வகை. கழுத்தை நீட்டிக்கொண்டு பறந்தாலும் மரத்தில் போய் உட்கார்ந்தால் அது மஞ்சள்மூக்கு நாரை வகை. சாரஸ் கழுத்தை நீட்டித்தான் பறக்கும், ஆனால் மரத்தில் உட்காரவே உட்காராது. உட்கார முடியாது. பின்விரல் சின்னதாக மேலே ஏறியிருக்கும், கிளையைச் சுற்றிப் பிடிக்க உதவாது. பிறந்ததிலிருந்து சாகும்வரை தரை, தண்ணீர், ஆகாயம், அவ்வளவுதான் அதன் உலகம். தமிழ்நாட்டில் சாரஸ் கிடையாது. வேடந்தாங்கல் மரங்கள் நிறைய வந்து உட்காருகிறவை எல்லாம் மற்ற கூட்டம்.

"அப்போ வௌவாலுக்கு நேர் எதிர்" என்றாள் அவள்.

ஆமாம். பழந்தின்னி வௌவாலின் கால் தரையில் நிற்க லாயக்கில்லாதது. முழங்கால் வெளிப்புறமாகத் திரும்பியிருக்கும், கீழே விழுந்தால் தவழ்ந்து ஏதாவது மரத்தையோ சுவரையோ பிடித்து ஏறினால்தான் மறுபடி பறப்பு. ஆனால் தொங்குவதற்கு அந்தக் காலை விட்டால் ஆளில்லை. உடம்பின் எடை இழுக்க இழுக்கப் பாதத்துத் தசைநாண் தானாகப் பூட்டிக்கொள்ளும், பிடித்துக்கொண்டிருக்கத் தனியாக பலம் தேவையில்லை. செத்த பிறகும் தொங்கிக்கொண்டே இருக்கிற வௌவால்களைப் பார்த்திருப்பீர்கள், அதற்குக் காரணம் இதுதான். கிளம்புவதும் அப்படியே. சாரஸ் நாலைந்து எட்டு ஓடி, இறக்கையை அடித்து, கனமாக எழும்பும். வௌவால் பிடியை விட்டால் போதும்.

திரும்பும் வழியில் வேளச்சேரியில் பொங்கல் வடை. அவள் நாப்கினில் கணக்குப் போட்டாள். சாரஸின் இறக்கை விரிப்பு சுமார் 2.4 மீட்டர், வௌவாலுக்கு சுமார் 1.2 மீட்டர், சரியாக இரண்டு மடங்கு. எடையோ ஏழு கிலோவுக்கும் ஒரு கிலோவுக்கும். "நீளம் ரெண்டு மடங்குன்னா எடை எட்டு மடங்கு வரணும் அத்தை, கிட்டத்தட்ட வருது." பரவாயில்லை, கணக்கு டீச்சருக்கு நன்றி.

செவ்வாய், இரவு

நேற்று இந்தப் பயணம் இதோடு முடிந்தது என்று நினைத்தேன். இன்று மதியம் வாட்ச்மேன் அண்ணன் ஓடிவந்து கூப்பிட்டார். மாஞ்சா நூல், பட்டம் விடக் கண்ணாடித்தூள் தடவியது. தடை போட்டும் வடசென்னையில் கோடை லீவில் மாஞ்சா நிற்பதில்லை, அறுந்த நூல் மரத்துக்கு மரம் சிலந்தி வலையாகக் கிடக்கிறது. அதில் ஒரு வௌவால் இறக்கை சிக்கி, தாழ்ந்த கிளையில் படபடத்துக்கொண்டிருந்தது. யாரும் வெறும் கையால் தொடக் கூடாது, கடிக்கும், கடித்தால் ஊசி போட ஓட வேண்டும். விலங்கு மீட்பு ஆட்களுக்கு போன் செய்துவிட்டுக் காத்திருந்தோம். ஒரு பையன் தடியான தோல் கையுறையோடு வந்தான், துண்டால் தலையை மூடி, கிளையோடு சேர்த்து நூலை வெட்டிக் கீழே இறக்கினான். அப்போதுதான் அதை ஒரு கை தூரத்தில் பார்த்தேன்.

முகம் நரிக்குட்டி முகம். நீண்ட மூக்கு, நிமிர்ந்த காது, பெரிய பழுப்புக் கண். பழந்தின்னி வௌவால் கண்ணாலும் மூக்காலும்தான் வழி கண்டுபிடிக்கிறது. ஒலியை எழுப்பி எதிரொலியைக் கேட்டுப் பறக்கிற வித்தை பூச்சி தின்னும் சின்ன வௌவால்களுடையது. கழுத்தைச் சுற்றிச் செம்பட்டையும் மஞ்சளும் கலந்த அடர்த்தியான ரோமம், அதன்மேல் தூசி. பழுத்த கொய்யாவும் பழைய துணியும் கலந்த ஒரு வாடை.

பையன் இறக்கையை மெதுவாக விரித்து, கிழிசல் எங்கே என்று பார்த்தான். வெயில் அதன் வழியாக ஊடுருவியது. கறுப்பு என்று நினைத்திருந்த தோல் வெளிச்சத்தில் செம்பழுப்பாகி, உள்ளே ரத்தக்குழாய் கிளை கிளையாகப் பிரிந்து ஓடுவது தெரிந்தது. அதைத் தாங்கி நிற்பது குச்சி மாதிரி மெல்லிசான நான்கு விரல்கள், சுட்டுவிரலைத் தவிர மற்றவை ஏறக்குறைய என் முழங்கை நீளத்துக்கு இருந்தன. கட்டைவிரல் மட்டும் தோலுக்கு வெளியே தனியாக, வளைந்த நகத்தோடு. சுட்டுவிரல் நுனியிலும் ஒரு குட்டி நகம். நம்முடைய கையேதான், விரல்களுக்கு நடுவே தோலை இழுத்துக் கட்டியிருக்கிறது.

சாரஸின் இறக்கையில் இந்தக் கை கிட்டத்தட்டக் காணாமலே போய்விட்டது. விரல்கள் மூன்றாகக் குறைந்து, எலும்பெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, இறகுகளை நட்டு வைக்கிற ஒரு தண்டு ஆகிவிட்டது. பறக்கும் பரப்பு முழுவதும் இறகு. ஒரு இறகு முறிந்தால் உதிர்ந்து புதியது முளைக்கும். வௌவாலுக்குத் தோல் கிழிந்தால் அது ஆற வேண்டும். ஆறும் என்கிறான் பையன், சின்னக் கிழிசல்கள் சீக்கிரமே மூடிக்கொள்ளுமாம். இதற்கு விளிம்பு வரை கிழிந்திருந்ததால் கூண்டில் வைத்துக் கொண்டுபோனான்.

மெயின்புரியில் இதற்கு இணையான எமன் மின்கம்பி. கே.எஸ். கோபி சுந்தர் பல வருஷம் மெயின்புரி, இட்டாவா வயல்களில் சாரஸை ஆராய்ந்தவர். வயல்மேல் போகிற கம்பிகளில் மோதிச் சாவது அங்கே எவ்வளவு பெரிய பிரச்சினை என்பதை வெளியே கொண்டுவந்ததில் அவருக்குப் பங்குண்டு. என் கிளைக்கு வருகிற விவசாயி ஒருவர் தன் நிலத்தில் அப்படி விழுந்த ஒன்றைப் பற்றிச் சொல்லும்போது, வீட்டில் துக்கம் விழுந்த மாதிரிதான் பேசினார். இங்கே புறநகரில் வெளியே ஓடுகிற ஈ.பி. கம்பிகளில் வௌவால் இறக்கை இரண்டு கம்பியைத் தொட்டுக் கருகித் தொங்குவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். யாரும் நின்று பார்ப்பதில்லை.

புதன்

இன்று எதிர்வீட்டு சார் மனுவோடு நேராக எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். நல்ல மனிதர், அப்பாவோடு ரயில்வே கேரேஜ் ஒர்க்ஸில் வேலை பார்த்தவர். காபி குடித்தார். அவர் கவலை காருக்காக மட்டும் இல்லை. 2018இல் கோழிக்கோட்டில் நிபா வந்ததிலிருந்து வௌவால் என்றாலே அவர் மகள் பேரனை வெளியே விடுவதில்லையாம்.

அந்தப் பயத்தைச் சிரித்துத் தள்ளக் கூடாது. நிபா வைரஸ் இந்த இன வௌவால்களின் உடம்பில் இருப்பது உண்மை. கடித்த பழத்தைத் தின்னாமல் இருப்பது, பழத்தைக் கழுவிச் சாப்பிடுவது, செத்த வௌவாலைத் தொடாமல் இருப்பது, இதெல்லாம் கட்டாயம். அணில் கடித்த மாம்பழம்தான் இனிக்கும் என்று வளர்ந்த தலைமுறை இந்த ஒரு பழக்கத்தையாவது விட்டுவிட வேண்டும். ஆனால் மரத்தை வெட்டினால் வௌவால் ஊரைவிட்டுப் போய்விடும் என்பது நடக்காத காரியம். அடுத்த தெரு மரத்துக்குப் போகும், சிதறிப் போகும், அங்கேயும் மனு எழுதுவார்கள். இப்போது குட்டி போட்ட சீசன் வேறு. வருஷத்துக்கு ஒன்றே ஒன்றுதான், அதையும் ஆரம்பத்தில் தாய் மார்போடு சுமந்துகொண்டேதான் பறக்கும். எலி மாதிரி பெருகுகிற ஜாதி இல்லை என்றதும் சார் ஆச்சரியப்பட்டார்.

சாரஸும் இந்த விஷயத்தில் கஞ்சம். மழை பிடித்ததும் தண்ணீர் நிற்கிற வயலில் நாணலையும் புல்லையும் குவித்துத் தீவு மாதிரி கூடு கட்டும், வழக்கமாக இரண்டு முட்டை, சுமார் ஒரு மாதம் இரண்டும் மாறி மாறி அடைகாக்கும். ஜஹாங்கீர் பாதுஷா லைலா மஜ்னு என்று பெயர் வைத்து ஒரு ஜோடியை வளர்த்து, அவை கூடுவதையும் முட்டையிடுவதையும் குஞ்சு பொரிப்பதையும் பக்கத்திலிருந்து கவனித்துத் தன் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். நாடாள்கிறவருக்கு நேரம் இருந்திருக்கிறது. ஒன்று செத்தால் மற்றது பட்டினி கிடந்து உயிரை விடும் என்று எங்கள் பக்கத்தில் சத்தியம் செய்வார்கள். உண்மையில் தனியானது வேறு ஜோடி தேடிக்கொள்வது உண்டு. மூன்றாவதாக ஒன்று வந்து சேர்ந்து, மூன்றும் சேர்ந்து குரல் கொடுத்துக் குஞ்சு வளர்ப்பதும் ஆய்வில் வந்திருக்கிறது. இதை மெயின்புரியில் சொன்னால் என் வங்கிக் கிளைக்கே வர மாட்டார்கள். புதுமணத் தம்பதியை வாழ்த்தும்போது அங்கே "சாரஸ் ஜோடி" என்பார்கள்.

நம்பிக்கை உண்மையோ பொய்யோ, கூடு இருக்கிற இடத்து நெல்லை அங்கே பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். நாலு பாத்தி போனால் போகட்டும் என்பார்கள். எல்லாரும் இல்லை, முட்டையை உடைக்கிறவர்களும் உண்டு. ஆனால் சாரஸ் அத்தனை பிழைத்திருப்பது சரணாலயத்தால் இல்லை, இந்த நாலு பாத்தியால்தான். வௌவாலும் அப்படித்தான். தமிழ்நாட்டில் பெரிய கூட்டங்கள் பல, ஊரார் முனியசாமி என்றும் ஐயனார் என்றும் சொல்லிக் காப்பாற்றுகிற ஆலமரத்திலும் புளியமரத்திலும் தொங்குகின்றன, சில ஊரில் அதற்காக தீபாவளிக்கு வெடிகூடக் கிடையாது. இரண்டுக்கும் காடு தேவையில்லை, பக்கத்துவீட்டுக்காரன் ஒத்துக்கொள்ள வேண்டும்.

சட்டம் மட்டும் ரொம்ப காலம் ஓரவஞ்சனை செய்தது. 1972 வனவிலங்குச் சட்டத்தில் பழந்தின்னி வௌவால் காக்கா, எலியோடு ஐந்தாம் அட்டவணையில் இருந்தது, யார் வேண்டுமானாலும் கொல்லலாம். ஆஸ்துமாவுக்கு நல்லது என்று அடித்துத் தின்றவர்களும் உண்டு. 2022 திருத்தத்தில் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டார்கள்.

சார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிம்மா, காருக்கு என்ன பண்றது?" என்றார்.

வெள்ளி

நேற்று உறவில் கல்யாணம், எழுத நேரமில்லை. பந்தியில் சேமியா பாயசம் இரண்டு தடவை.

இன்று அடையாறு தியசாபிகல் சொசைட்டி ஆலமரம். அதன் தாய்மரம் 1989 புயலில் சாய்ந்துவிட்டது, விழுதுகள்தான் இப்போது மரம். அண்ணன் மகளுக்கு நான் காட்ட வந்தது மரத்தை இல்லை, அதற்குப் பக்கத்துச் சுவரிடுக்கில் முளைத்திருந்த ஆலங்கன்றை. அங்கே யார் போய் நட்டது? பறவையும் வௌவாலும்தான். வௌவால் பழத்தை மென்று சாற்றை விழுங்கிச் சக்கையைத் துப்பும். விழுங்கிய பொடி விதைகள் கொஞ்ச நேரத்திலேயே வெளியே வந்துவிடும், அதற்குள் அது பல தெரு தாண்டியிருக்கும். வாதாங்கொட்டை, நெட்டிலிங்கம் மாதிரி பெரிய விதைகளை வாயில் கவ்விக்கொண்டு போய் வேறு மரத்தில் தொங்கியபடி தின்றுவிட்டுக் கீழே போடும். காலையில் வாசல் பெருக்குகிறவர்கள் திட்டுவது இதைத்தான்.

இலுப்பையை அவளுக்குத் தெரியவில்லை. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று சொன்னதும், பழமொழி தெரியும், மரம் தெரியாது என்றாள். கோவில் விளக்குக்கு எண்ணெய் கொடுத்த மரம், அதன் பூவும் பழமும் வௌவாலுக்கு உயிர், அதன் கொட்டையைப் பரப்புவதும் வௌவால்தான். சாரஸ் இப்படி எதையும் நட்டு வைப்பதாக எனக்குத் தெரியவில்லை. அது ஆடும், அதுவே போதும் என்று விட்டுவிட்டோம். இறக்கையை விரித்துத் துள்ளும், தலையைத் தாழ்த்தும், ஒரு குச்சியைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கும், பிறகு இரண்டும் கழுத்தை வானத்துக்கு நிமிர்த்திக் கூவும். ஆண் ஒரு தடவை கூவினால் பெண் இரண்டு தடவை. அந்தக் குரல் இரண்டு ஊர் தள்ளிக் கேட்கும், மூச்சுக்குழாய் நெஞ்செலும்புக்குள் சுருண்டு கிடக்கிற நீளம் அப்படி. தெருக்கோடி மரத்தின் கீச்சுச் சத்தத்துக்கு அந்த மரியாதை எந்தக் காலத்திலும் கிடைக்கப் போவதில்லை. எனக்கென்னவோ அந்தச் சண்டைச் சத்தம்தான் பெரம்பூருக்குப் பொருத்தம்.

ஞாயிறு, சென்ட்ரல்

வண்டி நேரத்துக்குக் கிளம்புமா என்று தெரியவில்லை, அதற்குள் மிச்சத்தைச் சொல்லிவிடுகிறேன். மீட்பு ஆட்களிடம் விசாரித்தேன். வௌவால் கொய்யாவும் வாழைப்பழமும் தின்கிறது, இறக்கைக்கு இன்னும் நாளாகும், பறந்து பழகிய பிறகுதான் விடுவார்களாம்.

மனு மாறிவிட்டது. வெட்டச் சொல்லி எழுதியதை அப்பாவும் சாரும் உட்கார்ந்து அடித்துத் திருத்தினார்கள். குட்டிகள் தனியாகப் பறக்கிற வரை காத்திருந்து, சாலைக்கு மேலே வருகிற இரண்டு கிளையை மட்டும் கழிக்கும்படி கேட்டிருக்கிறார்கள். மாஞ்சா விற்கிற கடையைப் பற்றி ஒரு வரியை அப்பா சேர்த்தார், அதற்கு சார் ஒத்துக்கொள்ளவில்லை, கடைக்காரர் அவருக்கு வேண்டியவர். அதை இன்னொரு தாளில் தனி மனுவாக எழுதி, அண்ணன் மகள் முதல் கையெழுத்துப் போட்டாள். பதினெட்டு வயது ஆகாத கையெழுத்து செல்லுமா என்று வாட்ச்மேன் அண்ணன் கேட்டார், கேட்டுவிட்டு அவரும் போட்டார்.

வெள்ளைக் காருக்கு ஒரு கவர் வாங்கியாகிவிட்டது. பாதிக் காசு அப்பா கொடுத்தார். அதில் அண்ணிக்கு இன்னும் கோபம்.